ஆய்வாளருக்கும் பொது வாசகருக்கும் சேர்த்து ஓர் ஆய்விதழை, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல் இணையத்தில் நடத்த முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் மூன்று பேர், வேலைக்குப் போய் வந்து மிச்சமிருக்கும் நேரத்தில், ஆறு வருடமாக நடத்துகிறோம். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வரலாறுதான் பொருள். கட்டுரை ஆங்கிலத்தில், நீண்ட சுருக்கம் தமிழில்.

எல்லோரும் முதலில் கேட்பது பணம். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் இலவசம். கட்டுரை வாங்குவது, துறை தெரிந்த வேறு ஆய்வாளர்களுக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாம் அதிலேயே முடியும். இதழுக்கு அடையாளமாகத் தரும் ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கு இங்கே தேசிய நூலகத்தில் காசு கிடையாது. டொமைன், சர்வர் வாடகை, ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ-க்காக கிராஸ்ரெஃப் என்ற அமைப்புக்குக் கட்டும் சந்தா, இவ்வளவுதான் செலவு. சந்தா டாலரில் என்பதால் எங்கள் நாணயமான ராண்ட் சரியும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

கட்டுரை கிடைப்பதுதான் பாடு. தென்னாப்பிரிக்காவில் உயர்கல்வித் துறை அங்கீகரித்த இதழில் கட்டுரை வந்தால், எழுதியவரின் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் போகிறது. அந்த அங்கீகாரப் பட்டியலில் இல்லாத எங்களுக்கு எழுதினால் ஒரு சென்ட் கிடையாது. இளம் ஆய்வாளர் யாராவது ஆசையாக எழுத வந்தாலும் துறைத் தலைவர் முகம் சுளிப்பார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பட்டியலில் ஏறவும் வழி உண்டு: ஒழுங்காக இதழ் வர வேண்டும், முக்கால்வாசிக் கட்டுரைகளாவது ஒரே நிறுவனத்திலிருந்து வராமல் பல நிறுவனத்துக்காரர்களிடமிருந்து வர வேண்டும். ஆனால் பட்டியலில் இல்லாததால் கட்டுரை வருவதில்லை, கட்டுரை வராததால் இதழ் ஒழுங்காக வருவதில்லை.

அடுத்தது மதிப்பீட்டாளர். ஒரு கட்டுரைக்கு ஒன்பது பேருக்கு எழுதினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், இரண்டு பேர் படித்தார்கள். சம்பளம் இல்லாத வேலை, வேறென்ன சொல்வது.

அப்படி இரண்டு பேரும் தேர்ச்சி கொடுத்த ஒரு கட்டுரையில்தான் மானம் போனது. கப்பல் பதிவேடுகளை வைத்து எழுதியது. அந்தப் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று வரிசையாக இருக்கும். எல்லாம் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி. அதைப் பார்த்துத் தமிழ்ச் சுருக்கத்தில் ‘டிரினோமல்லி’ என்று ஓர் ஊர் வந்திருந்தது. நானும் அவசரத்தில் விட்டுவிட்டேன். வெளியான மூன்றாம் நாள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கூப்பிட்டார். “தம்பி, அப்படி ஊரே கிடையாது. அது திருவண்ணாமலை. எங்க தாத்தா காகிதத்திலும் இப்படித்தான் எழுதியிருக்கு.”

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரண்டு ஆய்வாளர்கள் படித்த பிறகு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் குடும்பங்களிலிருந்து ஒருவர் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்துச் சரி என்று சொன்னால்தான் வெளியீடு. பொது வாசகரைச் சும்மா படித்துவிட்டுப் போகிறவராக நினைத்தால் இப்படி ஒரு இதழைத் தொடங்கவே வேண்டாம், இது என் கருத்து.

தமிழ்ப் பக்கத்துக்கு ஆள் அமையாதது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1903-இல் டர்பனில் தொடங்கிய, காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை நான்கு மொழிகளில் வந்தது. சரியான ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் கிடைக்காமல் 1906-இல் தமிழும் இந்தியும் நின்றன. காந்தி இருந்தே அந்தக் கதி. எங்களுக்கு அச்சுக்கோப்பவர் வேண்டாம். ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பதை உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். இப்போதைக்கு அது நான்.

தமிழ்ச் சுருக்கத்தைப் படித்துத் தரும் சாட்ஸ்வொர்த் பெரியவருக்கு மின்னஞ்சல் கிடையாது. திருத்தமெல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவாகத்தான் வரும். போன இதழுக்கு வந்தது இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம்தான் கட்டுரையைப் பற்றி, மீதி அவருடைய ஆயா கரும்புத் தோட்டத்தில் பட்ட கதை. அதையும் சேமித்து வைத்திருக்கிறேன்.