மகளின் விடையும் சரி, விடைத்தாளும் சரி: தவறு எங்கே?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், தனிப்பயிற்சி மையத்தில் தந்த 4×4 சுடோகுவை நிரப்பினாள். விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை என்று மதிப்பெண் தரவில்லை. புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டுமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். உங்கள் மகளின் விடை முற்றிலும் சரியானது. அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே அச்சிட்டிருப்பவை 1, 2 ஆகிய எண்கள் மட்டுமே. 3, 4 இரண்டுமே தரப்படாததால், விடைத்தாளில் 3 உள்ள இடங்களில் 4-ஐயும் 4 உள்ள இடங்களில் 3-ஐயும் எழுதினாலும், ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் 2×2 சிறு சதுரத்திலும் 1 முதல் 4 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறைதான் வரவேண்டும் என்ற சுடோகு விதி மீறப்படாது. உங்கள் மகள் எழுதியிருப்பது அதைத்தான்.

சுடோகுவுக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது புதிரை அமைப்பவரின் கடமை. 9×9 கட்டத்தில் 17 எண்களுக்குக் குறைவாகத் தந்தால் ஒரே விடை அமையாது என்று 2012-இல் கணினி வழியே நிறுவினார்கள். 4×4 கட்டத்துக்கு அந்த எல்லை 4. நான்கு எண்கள் இருந்தாலும், அவற்றுள் மூன்று வெவ்வேறு எண்களாவது இல்லையென்றால் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

ஆனால் புலி, ஆடு, புல்லுக்கட்டை ஆற்றின் அக்கரை சேர்க்கும் கணக்கு வேறு வகை. முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டபின், அடுத்துப் புலியையும் ஏற்றலாம், புல்லுக்கட்டையும் ஏற்றலாம். எதை ஏற்றினாலும், திரும்பும்போது ஆட்டை மீண்டும் இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டால், ஏழே பயணத்தில் வேலை முடியும். இங்கே கேட்பது வழியை; வழி சரியா என்பதைக் குழந்தையே படிப்படியாகச் சோதித்துக்கொள்ளலாம் என்பதால், இரண்டு விடை இருப்பது குறையன்று. இரண்டாவது வழியையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

என் கோபமெல்லாம் 'ஒலிம்பியாட்' என்ற சொல்லை அட்டையில் போட்டு, முகவர்கள் வழியாகப் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் தள்ளிவிடப்படும் புத்தகங்கள் மீதுதான். அச்சுக்குப் போகுமுன் ஒருவராவது புதிரைப் போட்டுப் பார்த்திருந்தால் இப்பிழை வந்திருக்காது. 1, 2, 4 தந்து அடுத்த எண் என்ன என்று கேட்பார்கள். இரட்டித்தால் 8, கூட்டும் எண்ணை ஒவ்வொன்றாக உயர்த்தினால் 7, இரண்டுமே சரி. இருந்தும் காரணத்தைக் கேட்காமல், விடைத்தாளைப் பார்த்தே சிவப்பு மையால் அடித்துவிடுகிறார்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தை யாரும் கேட்பதில்லை. எட்டு வயதுக் குழந்தைதான் தண்டனை பெறுகிறது.

மகளின் தாளோடு மையத்துக்குச் சென்று, எந்த வரிசையில், எந்த நிரலில், எந்தச் சிறு சதுரத்தில் ஓர் எண் இருமுறை வந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், அவள் முன்னிலையிலேயே மதிப்பெண்ணைத் திருத்தி வாங்குங்கள். அடுத்த பருவப் புத்தகத்துக்குப் பணம் கேட்டால், இதைத் திருத்தும்வரை கட்டாதீர்கள்.