வேட்டைக் கதைகளில் எது நிஜம்? வாசகர் கேள்வி – பதில்

காட்டோர ஊர்களிலிருந்து வேட்டை பற்றி வந்த கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. அவற்றில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: முயல் வேட்டைக்குப் போகிறவர்கள், ஹெட்லைட் அடித்தால் கண் மின்னும் நிறத்தை வைத்தே என்ன மிருகம் என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். பச்சை என்றால் மான், சிவப்பு என்றால் முயல், மஞ்சள் என்றால் பூனை இனமாம். உண்மையா?
– திண்டுக்கல் வாசகர்

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

மான், மாடு, நாய், பூனை, சிறுத்தை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால் கண் மின்னுகிறது. நிறம் அந்த மிருகத்துக்கே உரியதல்ல. மஞ்சள் பல்பா, வெள்ளை எல்.இ.டி.யா என்பதைப் பொறுத்து மாறும்; மிருகம் நேராகப் பார்க்கிறதா, தலையைச் சாய்த்திருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். நேரே பார்க்கையில் பச்சையாக மின்னிய பசுவின் கண், கழுத்தைத் திருப்பினால் சிவப்படிக்கும். தூரமும் ஏமாற்றும். பத்தடியில் புல்லில் உட்கார்ந்திருக்கும் சிலந்தியின் கண் மினுக்கும், நூறடியில் நிற்கும் சிறு மிருகத்தின் கண் மினுக்கும் ஒரே மாதிரி புள்ளியாகத்தான் தெரியும்.

முக்கியமான விஷயம் வேறு. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. "புதர் அசைகிறது, கண் மின்னவில்லை, அப்படியானால் பன்றிதான்" என்று கணக்குப் போட்டு விசையை அழுத்தும்போது, புதருக்குள் இருப்பது கூட வந்த ஆளாகவோ விறகு எடுக்க வந்தவராகவோ இருக்கலாம். "பன்றி என்று நினைத்துச் சுட்டேன்" என்ற வாக்குமூலங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருட்டும் ஹெட்லைட்டும் நாட்டுத் துப்பாக்கியும்தான் இருக்கும்.

உங்கள் மாவட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திண்டுக்கல், கரூர் எல்லையில் 11,806 ஹெக்டேர் காடு 2022-இல் கடவூர் தேவாங்கு (இரவில் மரங்களில் நடமாடும் சிறு விலங்கு) சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கின் கண் ஆரஞ்சுச் சிவப்பில் தெளிவாக மின்னும்; சிவப்பு என்றால் முயல் என்று சுட்டால், சாவது தேவாங்காக இருக்கலாம். கணக்கெடுப்பவர்கள் அந்த மினுக்கை வைத்துத்தான் முதலில் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு உருவத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே எழுதுகிறார்கள். மினுக்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வரும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவது, முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். ஒன்றும் கிடைக்காமல் திரும்பினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

கேள்வி: இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள மண்ணுளிப் பாம்பு கோடிக்கணக்கில் விலை போகிறதாம். எங்கள் காட்டில் ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் தலை. யாரிடம் கேட்பது?
– விருதுநகர் மாவட்ட வாசகர்

வாங்குவதற்கு யாருமே இல்லை. முதலில் பாம்பைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், அல்லது வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இரண்டு தலை என்பது வால் காட்டும் வேடிக்கை. மண்ணுளியின் வால் கூராக முடியாமல் மழுங்கி, தலையின் பருமனிலேயே நிற்கும். பயந்தால் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். கீரியோ நாயோ வாலைக் கடிக்கும், தலை தப்பிக்கும். வயதான பாம்புகளின் வாலில் தழும்பு இருப்பது இதனால்தான். அந்தத் தழும்பைத்தான் சிலர் வாய் என்று காட்டுகிறார்கள். பாம்பாட்டிகள் சூட்டுக்கோலால் வாலில் கண்ணும் வாயும் இழுத்துவிடுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் தரையில் விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். எந்த முனையிலிருந்து நாக்கு வெளியே வருகிறதோ அது தலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலை மாறும் என்பதும் கதைதான்.

எடை விஷயத்துக்கு வருவோம். இது விஷமில்லாத, எலி தின்னும் பாம்பு. பொதுவாக மூன்றடிக்குள்தான் வளரும். இரண்டு கிலோ என்ற நிபந்தனையை வைப்பதே அது கிடைக்காது என்பதால்தான். கிடைத்த பாம்பு 600 கிராம் என்றால், "எடை கூட்டித் தாருங்கள், பார்ட்டி வருவார்" என்பார்கள். அப்போதுதான் வாய் வழியே இரும்புக் குண்டுகளைத் திணிக்கும் கொடுமை நடக்கிறது. குடல் கிழிந்து பாம்பு சாகும்.

பணம் பறிபோகும் வழி பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் புரோக்கர் வருவார். பிறகு 'டெஸ்டிங்' செய்ய வெளியூர் நிபுணர் வருவார். அவருக்குக் கட்டணம், அறை வாடகை. அடுத்து, பெரிய பார்ட்டி வருவதற்கு முன் உங்கள் பங்காக டெபாசிட் கேட்பார்கள். கடைசியில் பேரம் நடக்கும் நேரத்தில் போலீஸ் உடையில் ஆட்கள் வந்து பாம்பையும் பணத்தையும் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களும் அதே கூட்டம்தான். நீங்கள் செய்ததே குற்றம் என்பதால் புகார் கொடுக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மண்ணுளி முட்டையிடாமல் குட்டி போடும். ஒரு பெரிய பெண் பாம்பைப் பிடித்து வைத்தால் அந்த வருடத்துக் குட்டிகளும் சேர்ந்தே போகும். எடைக்கு ஆசைப்பட்டுத் தேடுகிறவர்கள் கண்ணில் படுவது இந்தப் பெரிய பெண் பாம்புகள்தான். எங்களுக்கு மனசு வலிப்பது இங்கேதான்.

கேள்வி: தாத்தா 12 அடிப் புலியைச் சுட்டதாக வீட்டில் சொல்வார்கள். தோல் இன்னும் சுவரில் இருக்கிறது. அளந்தால் 11 அடிக்கு மேல் வருகிறது. அவ்வளவு பெரிய புலி நீலகிரியில் இருந்ததா? தோலை வைத்திருக்கலாமா?
– குன்னூர் வாசகர்

தோலை அளந்தால் புலியை அளந்ததாகாது. உரித்த ஈரத்தோலை முளையடித்து நீளவாட்டில் இழுத்துக் காயப்போடுவார்கள். அதில் ஓரடிக்கு மேலேயும் கூடும்.

அந்தக் கால வேட்டைக்காரர்களிடம் இரண்டு அளவு முறைகள் இருந்தன. ஒன்று, செத்த புலியை நேராக நீட்டிப் போட்டு, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, உடலை நகர்த்திவிட்டு இரண்டு முளைகளுக்கும் இடையே நேர்கோட்டில் அளப்பது. இது நேர்மையான அளவு. மற்றொன்று, நெற்றி, பிடரி, முதுகு, இடுப்பு என்று மேடுபள்ளம் எல்லாவற்றிலும் டேப்பை ஒட்டி இழுத்து வால் வரை அளப்பது. இதில் சில அங்குலங்கள் எப்போதும் கூடும். டேப்பைத் தளர்த்திப் பிடித்தால் இன்னும் கூடும். 1930-இல் ஜிம் கார்பெட் சுட்ட, வட இந்தியாவில் அந்நாளில் மிகப் பெரியதென்று பேர் வாங்கிய பவல்கர் புலியே வளைவு அளவில் 10 அடி 7 அங்குலம்தான். எந்தப் புலியின் அளவிலும் ஏறக்குறைய மூன்றடி வால் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் தாத்தா சுட்டது ஒன்பதடிப் புலியாக இருந்திருந்தால், அதுவே நன்றாக வளர்ந்த புலி.

இரண்டாவது கேள்விதான் அவசரமானது. தோலுக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இல்லாதவர்கள் கணக்குக் காட்ட 2003 ஏப்ரலில் வந்த விதிகள் 180 நாள் அவகாசம் கொடுத்தன. அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. சான்று தாத்தா பெயரில் இருந்து, தோல் வாரிசாக உங்களுக்கு வந்திருந்தால், வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ கூடாது. வைத்திருக்க விருப்பமில்லை என்றால் 2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஏழு வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது. சான்றே இல்லை என்றால், தோலை எங்கேயும் நகர்த்தாமல் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலரை அணுகுங்கள். கிணற்றில் போடுவதும் எரிப்பதும் விவகாரத்தைக் கூட்டும்.

கேள்வி: புலியின் மீசை முடியை நறுக்கிச் சோற்றில் கலந்தால் ஆள் செத்துவிடுவானா?
– பொள்ளாச்சி வாசகர்

மாட்டான். மீசை முடி நம் நகம் போன்ற பொருள்தான். அதில் விஷம் இல்லை. ஆனாலும் இந்த நம்பிக்கை பலமாக இருந்தது. புலி விழுந்ததும் யாராவது மீசையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று, உரிப்பதற்கு முன்பே காவல் போட்ட காலம் உண்டு. தோள் தசைக்குள் எதனோடும் ஒட்டாமல் கிடக்கும் சிறிய காரை எலும்பையும் அதிர்ஷ்ட எலும்பு என்று எடுத்துப் போனார்கள். பூனை இனம் முழுவதற்கும் அந்த எலும்பு அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: நரிக்கொம்பு வைத்திருந்தால் கடை நன்றாக ஓடும் என்று ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். குங்கும டப்பாவில் முடியோடு இருக்கிறது. அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாழப்பாடி வாசகர்

அசல் என்று ஒன்றே இல்லை. நரிக்குக் கொம்பு முளைக்காது. ஏதோ ஒரு தோல் துண்டுக்குள் எலும்பையோ கொம்புச் சீவலையோ வைத்துத் தைத்து, முடியோடு குங்குமத்தில் புதைத்துக் கொடுப்பார்கள். "பிரித்தால் சக்தி போய்விடும்" என்ற நிபந்தனை விற்பவரைக் காப்பாற்றுவதற்கு. அந்தத் துண்டு ஆட்டினுடையதாகவும் இருக்கலாம், கொன்ற நரியினுடையதாகவும் இருக்கலாம். நரியாக இருந்தால் வாங்கிய நீங்களும் வழக்கில் வருவீர்கள். வண்டலூர் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் போன்ற ஆய்வகங்களில் டி.என்.ஏ. பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் பகுதியில் காணும் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து விடும் வழக்கத்துக்கு வனத்துறை அபராதம் போடுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உடும்பு எண்ணெய் பற்றி இதே ஊரிலிருந்து கேட்டவருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். உடும்பு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரினம். பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மூட்டுவலியில் சுகம் தருவது தேய்க்கும் கை. அதற்கு நல்லெண்ணெய் போதும்.

கேள்வி: காட்டுப்பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டது, இனி கேஸ் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சரியா?
– தேனி மாவட்ட விவசாயி

தவறு. 2025 ஜனவரியில் வந்த ஆணையில் மூன்று எல்லைகள் உண்டு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். விவசாயி செய்ய வேண்டியது மனு கொடுப்பது. தானே சுட்டாலோ, கண்ணி வைத்தாலோ, கறி வைத்திருந்தாலோ 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தாத்தா காலத்து வேட்டை லைசென்ஸும் செல்லாது. 1991 திருத்தத்தோடு உரிமம் கொடுத்து வேட்டையாடும் முறையே முடிந்துவிட்டது.

பயிர் போகும் வேதனை எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் திருட்டுக் கரண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கு இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. சோலார் வேலியில் நொடிக்கு ஒரு முறை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே மின்சாரம் தட்டும். தொட்ட மிருகம் பின்வாங்க இடம் கிடைக்கும். நேரடி லைனில் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விலக முடியாது. சோலார் வேலிக்கும் 2023 விதிகளின்படி பதிவு தேவை.

கேள்வி: கேரளாவில் யானைக்கு அன்னாசிப்பழத்தில் வெடி வைத்து ஊட்டினார்களே, அப்படியும் செய்வார்களா? எங்கள் தோட்டப் பக்கமும் அவுட்டுக்காய் (பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடி) கிடப்பதாகப் பேச்சு. பார்த்தால் என்ன செய்வது?
– மேட்டுப்பாளையம் வாசகர்

யாரும் ஊட்டவில்லை. 2020 மே 27 அன்று வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த அந்த யானை, பன்றிக்காக வைத்திருந்த வெடியைக் கடித்திருந்தது. அன்னாசி என்று பரவினாலும், விசாரணையில் பிடிபட்டவர் சொன்னது தேங்காய். மலப்புரம் என்று ஊரையும் மாற்றிப் பரப்பினார்கள். நடந்தது பாலக்காடு மாவட்டத்தில். வாய் சிதைந்து ஏறக்குறைய இரண்டு வாரம் தின்ன முடியாமல் இருந்திருக்கிறது. கரு இருந்ததே பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ஊட்டினார்கள் என்ற வதந்தியால் ஒரு கெடுதல் நேர்ந்தது. ஏதோ ஒரு கொடியவன் செய்த வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வேலியோரம் வெடி வைக்கும் வழக்கம் பேச்சுக்கு வராமலே போனது.

அவுட்டுக்காய் அழுத்தத்தில் வெடிப்பது. பழத்துக்குள்ளோ கொழுப்பில் சுற்றியோ கிடக்கும். காலால் தள்ளாதீர்கள், குச்சியால் புரட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றினால் செயலிழக்கும் என்று நம்பாதீர்கள். நாயையும் மாட்டையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். தூரத்திலிருந்தே போட்டோ எடுத்து, போனில் லொகேஷன் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கோ 112-க்கோ சொல்லுங்கள். ஒன்று கிடந்தால் அதே தடத்தில் இன்னும் சில இருக்கும். வந்த வழியிலேயே, உங்கள் காலடித் தடத்தின் மேலேயே திரும்புங்கள்.

சுருக்குக் கம்பி வேறு மாதிரி. வேலியில் பன்றி நுழையும் இடைவெளியில் பைக் கிளட்ச் ஒயரை வளையமாக்கி, ஒரு முனையை மரத்திலோ முளையிலோ கட்டியிருப்பார்கள். வெறும் கம்பியாக இருந்தாலும் அறுத்து வீசாதீர்கள்; கட்டிய முடிச்சும் சுற்றியுள்ள காலடியும் சாட்சியம். சிறுத்தை மாட்டியிருந்தால் கூட்டம் சேரவே விடாதீர்கள். ஆட்களைப் பார்க்கப் பார்க்க அது இழுக்கும். கம்பி இடுப்பில் இறங்கும், அல்லது முளையைப் பிடுங்கிக்கொண்டு ஆள் மேல் பாயும். மயக்க ஊசி போடும் கால்நடை மருத்துவர் வரும்வரை சத்தமில்லாமல் தள்ளி நிற்பதுதான் செய்யக்கூடிய உதவி. கம்பி மின்கம்பத்தின் பக்கம் போவது தெரிந்தால் முதலில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் யாரும் கிட்டே போக வேண்டும்.