நாட்கூலி என்றால் நட்டஈடு இல்லையா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நாட்கூலிக்கு வேலை செய்தான். போன மாதம் மெசினின் பெல்ட்டுக்குள் வலது கை சிக்கி இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், 50,000 ரூபாயும் தந்தார். இப்போது, 'இனி ஒரு கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாத ஆளுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம், தம்பியின் கவனக்குறைவுதான் காரணமாம். முறைப்பாடு செய்தால் ஆலையை மூடிவிடுவார்கள், அங்கே வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெடியள் எங்களைத்தான் ஏசுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்வது?
- ஒரு அக்கா, கிளிநொச்சி

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்துவிட்டாலும் பதற வேண்டாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் அது. முதலாளிக்கு இது புதிதாக இருக்கலாம், சட்டத்துக்குப் பழசு.

ஈபிஎப் கதையை விடுங்கள். அது வேறு, இது வேறு. அமயத் தொழிலாளி, அதாவது நிரந்தரமில்லாமல் வேலை செய்பவர், என்பதால் மட்டும் நட்டஈடு இல்லாமல் போகாது. முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத வேலையைத் தற்செயலாகச் செய்தவராகவும் இருந்தால்தான் சட்டம் அவரை விலக்கும். உங்கள் தம்பி ஆலையில் நெல் குற்றும் வேலையில்தானே நின்றார்? அதுதானே அந்த முதலாளியின் தொழில்.

அடுத்தது கவனக்குறைவு. இந்தச் சட்டத்தில் வெறும் கவனக்குறைவு முதலாளிக்குத் தப்பும் வழி அல்ல. குடிபோதையில் நின்றிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு மூடியைத் தெரிந்தே கழற்றியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றால் நேரடியாக விபத்து நடந்தது என்று காட்டினால்தான் அவர் தப்பலாம். அந்த பெல்ட்டுக்கு மூடி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இல்லாத மூடியை யாரும் கழற்ற முடியாது.

மூடி போடுவது முதலாளியின் தயவும் அல்ல. பெல்ட், கப்பி, சுழல்தண்டு என்று விசை கடத்தும் பாகங்களுக்கு உறுதியான தடுப்பு இருக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஒரு விபத்தால் மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பள வேலை செய்ய முடியாமல் போனால், மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிப்பதும் முதலாளியின் கடமை. பெரும்பாலும் அறிவிப்பதில்லை. நீங்களே தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினால் போதும்.

இதில் சுணங்க வேண்டாம். ஒருமுறை விபத்து நடந்த ஒரு பட்டறைக்குப் போனேன். மெசினைச் சுற்றிப் பச்சை நிறக் கம்பிவலை, 'எப்போதும் இருந்ததுதான்' என்றார்கள். தொட்டுப் பார்த்தேன், விரலில் பெயின்ட் ஒட்டியது. ஆகவே கூட வேலை செய்தவர்களிடம் பழைய போன் படங்கள் இருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் பரிசோதனைப் பொறியியலாளர் ஆலைக்குப் பூட்டுப் போட வருகிறவர் அல்ல. மெசினைப் பார்ப்பார், ஆட்களை விசாரிப்பார், குறையைச் சரிசெய்யச் சொல்வார். ஆபத்து கண்முன்னே இருந்தால் நீதிவான் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மெசினை அல்லது அந்தப் பகுதியை நிறுத்தக் கட்டளை கேட்கலாம். அந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் நாளைக்கு நிற்கப்போவது உங்கள் ஊர்ப் பெடியள்தான் என்பதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். முறைப்பாடு செய்தவர் யார் என்பதைப் பரிசோதகர் இரகசியமாக வைக்க வேண்டும் என்பது தொழிற்பரிசோதனை பற்றிய சர்வதேச உடன்படிக்கை. இலங்கை 1956இலேயே அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: விபத்தில் விரல் போனவர் ஒருவர்தான் என்றால், முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்று ஊரே ஊகிக்கும்.

பரிசோதகரின் வேலை நட்டஈடு வாங்கித் தருவது அல்ல, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் என்பது கணக்கு, ஆனால் அதுவரை இருக்காதீர்கள். சம்பளத்தையும் உறுப்பிழப்பின் அளவையும் வைத்துத் தொகை தீர்மானமாகும். உச்ச வரம்பு 2022இல் 20 இலட்சமாக உயர்ந்தது, அதற்கு முன் ஐந்தரை இலட்சம்தான். தம்பிக்கு முழு வரம்பும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வாங்கிய 50,000 ரூபாயையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பரிசோதனை அறிக்கை கைக்கு வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி டிக்கெட், கிளினிக் கொப்பி, கூலி எழுதிய சின்னக் கொப்பி ஏதும் இருந்தால் அது, கூட நின்ற இரண்டு பேரின் பெயர். இவ்வளவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தம்பியால் இன்னும் பேனை பிடிக்க முடியாவிட்டால், விண்ணப்பத்தில் இடது பெருவிரல் அடையாளம் வைக்கலாம்.