காதல், பணம், அப்பா: திரைக்கதைக் கேள்வி பதில்

பனித்துளி: நாயகன் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. அதை மறைத்துப் பழகுகிறான். நாயகிக்கு எப்போது தெரிய வேண்டும்?

பார்வையாளருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் 120 பக்கம் எழுதினால், நமக்கு 15ஆம் பக்கத்துக்குள், அவளுக்கு 85க்கு மேல். நடுவில் வரும் சிரிப்பு முழுக்க, நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாததால் வருவது. நமக்கும் சேர்த்து மறைத்தால் கிடைப்பது ஒரே ஒரு திருப்பம். இரண்டு நிமிடத்தில் காலி.

அடுத்தது, பொய்யின் விலை ஏற வேண்டும். முதல் பாதியில் வசதிக்காகச் சொன்ன பொய். இன்டர்வலில், பாவம் கஷ்டப்படுகிறானே என்று அவள் தன் சேமிப்பை எடுத்துக் கடன் கொடுத்துவிடுகிறாள். இனி உண்மையைச் சொன்னால் அவன் ஏமாற்றுக்காரன், சொல்லாவிட்டாலும் ஏமாற்றுக்காரன். பின்பாதி அங்கிருந்து தானாக ஓடும்.

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டு அவள் தெரிந்துகொள்வது மட்டும் வேண்டாம். அவன் வாயால் வரட்டும், இல்லை அவளே கண்டுபிடிக்கட்டும்.

ஜன்னலோரம்: பண வித்தியாசத்தை வசனம் இல்லாமல் காட்டுவது எப்படி?

மெனு கார்டு போதும். அவன் இடப்பக்கம் பதார்த்தத்தின் பெயரைப் படிக்கிறான். அவள் கண் நேராக வலப்பக்கம் விலைக்குப் போய், அங்கிருந்து இடப்பக்கம் வருகிறது. ‘எனக்குப் பசியே இல்லை’ என்கிறாள். பில் வந்ததும் அவன் திறந்துகூடப் பார்க்காமல் கார்டைச் செருகுகிறான். அவள் தலைகீழாகவே கூட்டிப் பார்த்துவிடுகிறாள். அரைப் பக்கம்தான். இதே பில் 100ஆம் பக்கத்தில் திரும்ப வரட்டும், இம்முறை அவன் திறந்து பார்க்கட்டும். மாளிகை, கார் வரிசை, மாடிப்படி எல்லாம் கலை இயக்குநரின் வேலை.

கடலை: கதையைத் திருடிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

முறைமாமன்: எதிர்க்கும் அப்பாவை எவ்வளவு கொடுமைக்காரராகக் காட்டலாம்?

கொடுமையே வேண்டாம். அவர் பக்கத்து நியாயத்தைப் பத்து வரியில் எழுதிப் பாருங்கள். படிக்கும்போது ‘அட, சரிதானே’ என்று உங்களுக்கே ஒரு நொடி தோன்றாவிட்டால் பாத்திரம் தயாராகவில்லை. 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவின் விஸ்வநாதன் கொடுமைக்காரர் அல்ல. பணக்கார சம்பந்தம் என்றால் வாயெல்லாம் பல், அவ்வளவுதான். அந்த ஆசைதான் இயந்திரம். அதற்காக ரவிச்சந்திரன் பணக்காரராக வேஷம் கட்ட, முத்துராமன் அவருக்குக் கிழட்டு அப்பாவாகிறார். வந்த வீட்டிலேயே முத்துராமனின் காதலியும் மகளாக நிற்கிறாள். பொய் ஒன்று, மாட்டிக்கொள்பவர் இரண்டு. வில்லன் எங்கே?

ஈரமண்: நாயகன் பணக்காரன் என்ற ரகசியம் எந்த சீனில் உடைய வேண்டும்?

முதல் பதில்.

ஒற்றைத்திரை: ஏழை நாயகன் கடைசியில் பெரிய சொத்துக்கு வாரிசு என்று தெரிவது மக்களுக்குப் பிடிக்கத்தானே செய்கிறது? ஏன் எல்லாரும் கேலி செய்கிறீர்கள்?

பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ‘ஏழைக்குப் பெண் தரமாட்டேன்’ என்ற அப்பாவின் வாதத்தை அந்த முடிவு ஜெயிக்க வைக்கிறது. அவன் ஏழையாகவே இருந்திருந்தால் அவர் சொன்னது சரி என்றாகிறது.

ஒற்றைத்திரை: சுப முடிவு வேண்டாமா? பழைய நகைச்சுவை நாடகமெல்லாம் அப்படித்தானே முடியும்?

வாரிசு திருப்பத்தோடு பலவும் முடியும். எல்லாமே அல்ல. கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் ‘டிஸ்கொலோஸ்’ கி.மு. 316இல் அரங்கேறியது. பணக்கார வீட்டுப் பையன் ஒரு சிடுசிடு விவசாயியின் மகளை விரும்புகிறான். உழைப்பாளி என்று காட்ட வெயிலில் நாளெல்லாம் மண்ணைக் கொத்துகிறான். பார்க்க வேண்டிய கிழவர் அந்தப் பக்கமே வரவில்லை, முதுகுவலிதான் மிச்சம். இது போதாதென்று, பெண்ணின் ஏழை அண்ணனுக்குத் தன் தங்கையையும் கொடுக்கச் சொல்கிறான். பையனின் அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? ஏழை மருமகளும் ஏழை மருமகனும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்று போதும் என்கிறார். மகன் வாதாடித்தான் சம்மதம் வாங்குகிறான். அப்பா சம்மதிக்கும்போதும் அவர் கண்ணுக்கு அண்ணன் ஏழைதான்.

முறைமாமன்: அப்பா அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் கிளைமேக்ஸ் சப்பென்று ஆகாதா?

நல்ல கேள்வி. பேச்சில் மட்டும் மனம் மாறினால் சப்புதான். அவர் முன்பு செய்த ஒரு செயலை இப்போது தலைகீழாகச் செய்ய வைக்கவும். முதல் பாதியில் பையனை வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினாரா? கடைசியில் நாற்காலியை இவரே இழுத்துப் போடட்டும். வாய் இன்னும் திட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஒற்றைத்திரை: சரி, வாரிசு திருப்பம் வைத்தே தீருவேன் என்றால்?

அப்பா சம்மதித்த பிறகு வையுங்கள், முன்னால் அல்ல. வெறும் சீன் ஆர்டர் மாற்றம்தான், அர்த்தமே புரண்டுவிடும்.

தூறல்: நாயகி, நாயகனின் அம்மா போனில் பேசுவதை ஒட்டுக்கேட்டு...

வேண்டாம்.