தண்டையார்பேட்டை வீடு: இப்போதா, தை மாதத்திலா?

வணக்கம். தண்டையார்பேட்டையில் பார்த்த வீட்டுக்கு வேறு இருவரும் போட்டியிடுவதால், இந்த வாரமே முன்பணம் கொடுப்பதா, தை பிறக்கும்வரை பொறுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். 2021இல் மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை நீண்டுவிட்ட நிலையில், விலை இறங்கும் என்று காத்திருப்பது சரியாகத் தோன்றவில்லை. ஆயினும் முத்திரைத்தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ஆகும் 9 சதவீதத்தை வங்கிக் கடனில் சேர்ப்பது கடினம் என்பதால், அத்தொகை கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சொத்தின் மீது அடமானம் போன்ற பதிவுகள் உண்டா என்று காட்டும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும், சொத்து முன்பு கைமாறியதைக் காட்டும் மூலப்பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஐப்பசி மழை கொட்டிய மறுநாள் காலையில் நேரில் சென்று, தரைத்தளச் சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுச் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தால், தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று எதிர்வீட்டாரிடம் அவசியம் விசாரியுங்கள்.