பணமே இல்லாமல் ஊர் நடக்குமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் நகைக்கடன், வட்டி என்று தினமும் சண்டை. ‘எங்க காலத்துல நெல்லுதான் எல்லாம், ரூபாயைக் கண்ணால பாக்கறதே அபூர்வம், நிம்மதியா இருந்தோம்’ என்கிறார் தாத்தா. பணம் இல்லாமல் ஒரு சமுதாயம் நடக்குமா?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: நடக்கும் தம்பி. யாருக்கு நிம்மதியாக நடக்கும் என்பதுதான் கேள்வி.

தாத்தா சொல்வது பொய்யில்லை. தாமிரபரணித் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்த ஊர்களில் அறுப்புக் கூலி நெல்தான். முடி வெட்டியவருக்கும் துணி வெளுத்தவருக்கும் கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுத்த கொல்லருக்கும் அன்றன்றைக்குக் காசு கிடையாது, அறுவடை முடிந்ததும் களத்தில் வந்து நின்றால் மரக்காலில் அளந்து போடுவார்கள், வருஷம் முழுக்கப் பார்த்த வேலைக்கு அதுதான். சரி, மரக்கால் யார் கையில் இருந்தது? தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது அவர் இஷ்டம். அளந்தது குறைச்சல் என்று கோபித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவும் வழியில்லை, அங்கே அந்த வேலைக்கு உரிமைப்பட்ட வேறொருவர் இருப்பார். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் களத்தில் அவர் அளந்து போட்டவரா, துண்டை ஏந்தி நின்றவரா?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. குறைந்த கூலிதான், முதுகையும் நெஞ்சையும் கெடுக்கிற வேலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் காசோடு எந்தக் கடையில் வேண்டுமானாலும் ஏறலாம், நீ யார் வீட்டு ஆள் என்று யாரும் கேட்பதில்லை. நெல்லை வாங்கிக்கொண்டு எந்தக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார்?

ஒரேயடியாகப் பணத்தை ஒழித்துப் பார்த்தவர்களும் உண்டு. கம்போடியாவில் 1975-ல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் நோட்டையும் சந்தையையும் எடுத்துவிட்டது, அப்புறம் பொதுச் சமையலில் அகப்பை பிடித்தவன் ஊற்றியதுதான் கஞ்சி. 1979-ல் அந்த ஆட்சி விழுந்ததும் சனங்கள் அரிசியையும் தங்கத்தையும் வைத்து வியாபாரம் பார்த்தார்கள், 1980-ல் ‘ரியல்’ என்கிற அந்நாட்டு நோட்டு திரும்ப வந்தது.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். நகை அடகுக்கடையில் இருக்கிறதென்றால் கூட்டுறவு சங்கத்திலும் வங்கியிலும் வட்டி எவ்வளவு என்று அப்பாவோடு போய்க் கேளுங்கள், மாற்றி வைத்தால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். போகும்போது அடகுச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், எடையும் வட்டியும் அதில்தான் இருக்கும்.