மசாஜ் சிகிச்சைத் துறைக்கு வர எந்தப் படிப்பில் சேரலாம்?

அலுவலக வேலையை விட்டுவிட்டு மசாஜ் சிகிச்சைக்கும், அதையொட்டி, உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமை நலச் சிகிச்சைக்கும் வர விரும்புவதாகச் சொல்லி, எந்தச் சான்றிதழ் படிப்பு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். கழுத்துப் பிடிப்போடு இருந்த யாருக்கோ நீங்கள் பிடித்துவிட்டிருப்பீர்கள். அவர், "உங்கள் கையில் ஏதோ இருக்கிறது" என்று சொல்லியிருப்பார். நானும் அப்படி ஒரு சொல்லை நம்பித்தான் வந்தேன். எல்லோர் கையிலும் இருக்கும் அதே 27 எலும்புகள்தாம் என் கையிலும் இருக்கின்றன என்பதைக் கட்டைவிரல் மூட்டு வீங்கிய பிறகே ஒப்புக்கொண்டேன்.

முதலில் நான் வேலை செய்த நிலையத்தில் ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வரை என்னிடம் அனுப்புவார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே துணி மாற்றும் நேரம் மட்டுமே கிடைக்கும். விரல் வலிக்கிறது என்று சொன்னபோது, பழகினால் போய்விடும் என்றார்கள். பழகியதால் அது போகவில்லை. மேசையின் உயரத்தைக் குறைத்து, கட்டைவிரலுக்குப் பதில் முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்தி, தோள் பலத்தால் அழுத்தாமல் உடல் எடையைச் சாய்த்து வேலை செய்யக் கற்றுக்கொண்ட பிறகே வலி விட்டது. ஆகவே, எந்தப் படிப்பாக இருந்தாலும், ஆசிரியர் அருகில் நின்று உங்கள் கால் ஊன்றியிருக்கும் விதத்தைத் திருத்தும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். திரையில் பார்த்து மட்டும் இதைக் கற்க இயலாது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். சொந்தமாகத் தொழில் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வாரம் ஒருமுறை முதுகுவலிக்காக வருவார். ரத்த அழுத்தம் அளக்கும் சிறிய கருவியை எப்போதும் பையிலேயே வைத்திருப்பார். ஒரு நாள் வந்ததும் அளந்தார். மேல் அளவு 146 இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தபோது அது 128 ஆக இறங்கியிருந்தது. அமைதியான அறையில் கண்மூடிப் படுத்திருந்தால் எவருக்கும் சிறிது நேரத்துக்கு இப்படி இறங்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "பார்த்தீர்களா அம்மா, தன்னைத் தானே சரிசெய்துகொள்ள உடலுக்குத் தெரியும்" என்றேன். முழுமை நலம் பற்றிய வார இறுதி வகுப்பு ஒன்றில் எழுதிக்கொண்டு வந்த வாக்கியம் அது.

மூன்று வாரங்கள் அவர் வரவில்லை. நான்காம் வாரம் அவருடைய மகள் வந்தார். மாத்திரையை நிறுத்திவிட்ட தாயை, அழுத்தம் மிகவும் ஏறியதால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது என்றார். "நிறுத்தச் சொன்னது நீங்கள் இல்லை என்று அம்மாவே சொல்கிறார். நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்ற வைத்தது யார்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மையார் நலமடைந்து, சில மாதங்கள் கழித்துத் திரும்பவும் வந்தார். இப்போது யார் வந்தாலும், என்ன மருந்து உட்கொள்கிறார்கள் என்று முதல் நாளே எழுதி வாங்குகிறேன். அதைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவரிடம் மட்டுமே பேச வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

முழுமை நலச் சிகிச்சையை நான் இழிவுபடுத்துவதாகச் சிலர் சண்டைக்கு வரக்கூடும். அதே தொழிலில்தான் என் பிழைப்பும் நடக்கிறது. தூக்கம், கவலை, வேலை எல்லாவற்றையும் கேட்டறிந்து ஒருவரை முழு மனிதராகப் பார்ப்பது நல்ல பழக்கம். அதைக் காரணம் காட்டி, தெரியாத நோயைத் தீர்ப்பதாகச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். கீழ்முதுகு வலிக்கு மசாஜ் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று 25 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வுகூட, குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் சான்றுகளின் தரம் தாழ்வானது என்றுதான் சொல்கிறது. வருபவரிடம் அதற்கு மேல் வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

தொழிலின் மானத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1894இல் மசாஜ் என்ற பெயரில் நடந்த மோசடிகளும் ஒழுக்கக்கேடும் பிரிட்டனில் பேச்சானபோது, நான்கு செவிலியர்கள் சேர்ந்து பயிற்சி பெற்றவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. இத்தனை காலம் கழிந்தும், என் தொழிலைச் சொன்னதும் புன்னகையை அடக்கிக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். அந்தப் புன்னகைக்குத் தீனி போடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதே என் மனக்குறை.

நீங்கள் தொழில் செய்யப்போகும் இடத்தின் சட்டத்தை முதலில் விசாரியுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதிவு பெறாமல் மசாஜ் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிரிட்டனில் அந்தப் பெயருக்கு அப்படிப்பட்ட சட்டக் காப்பு இல்லை. அடிப்படை மசாஜில் கை நிலைபெறும் வரை வேறு முறைகளைச் சேர்க்காதீர்கள். பழைய வேலையையும் உடனே விடாதீர்கள்.

கட்டணம் கட்டும் முன் நிறுவனத்தாரிடம் ஒன்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பவர், காய்ச்சல்காரர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர், ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர் ஆகியோரில் யாரைத் தொடக் கூடாது, யாரை மருத்துவரைக் கேட்ட பிறகு தொடலாம் என்பதைக் கற்பிக்க எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் படித்த இடத்தில் அதற்குக் கிடைத்தது ஒரு பிற்பகல்.